நாய்களின் புற்றுநோய்க்கு இரத்த நீர்ச் சிகிச்சை

தோட்டத்தையும் ஆட்டுப் பட்டியையும் காக்கும் பெட்டை நாய்க்கு வயது எட்டு, ஒன்பது ஆகும்போது, மடிக்காம்பை ஒட்டிச் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுவதுண்டு. பால் கட்டியிருக்கிறது என்றெண்ணி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு விட்டுவிடுவோரே அதிகம். நாயும் வழக்கம்போல் தின்று, குரைத்து, காவல் காத்து வரும். சில மாதங்களில் கட்டி எலுமிச்சை அளவாகிறது; பின்னர் தேங்காய் அளவாகித் தரையில் உரசிப் புண்ணாகிறது. ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகே கால்நடை மருத்துவமனையின் நினைவு வருகிறது. அந்நிலையில் நாயைக் கொண்டு வருவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இரத்தத்தைச் சுத்தம் செய்தால் இது தீராதா?" என்பது.

இக்கேள்வியைப் பேதைமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. புற்றுநோய் கண்ட நாயின் இரத்தத்தை மாற்றியும், இரத்த நீரை வெளியே எடுத்து வடித்துத் திரும்பச் செலுத்தியும் விஞ்ஞானிகள் சோதனை செய்து பார்த்திருக்கின்றனர். ஒருமுறை அல்ல, இருமுறை அம்முயற்சி நடந்தது. இருமுறையும் சில நாய்களில் கட்டி கரைந்தது. அப்படியிருந்தும் இன்று அச்சிகிச்சை வழக்கில் இல்லை. கரைந்தது ஏன், கைவிடப்பட்டது ஏன் என்று தெரிந்து கொண்டால், கட்டியுடன் நிற்கும் நாய்க்கு எதைச் செய்யலாம், எதற்குப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பது விளங்கும்.

இரத்த நீர் என்பது

புதிதாகப் பிடித்த இரத்தத்தை உறையாமல் தடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறமான நீர் மேலே தெளிந்து நிற்கும். இதுவே பிளாஸ்மா எனப்படும் இரத்த நீர். ஒரு நாயின் உடலில் கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லி இரத்தம் உண்டு. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் இரத்தம். அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 900 மில்லி, இரத்த நீராகும். இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள், ஆல்புமின் என்னும் புரதம், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருட்கள் யாவும் இந்த நீரில்தான் கரைந்துள்ளன.

ஒரு பிராணியின் இரத்த நீரில் உள்ள எதிர்ப்பொருளை மற்றொரு பிராணிக்குச் செலுத்தி உயிரைக் காப்பது விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. பாம்புக்கடிக்குப் போடும் நச்சு முறிவு மருந்து, சிறிது சிறிதாக நஞ்சு ஏற்றப்பட்ட குதிரையின் இரத்த நீரிலிருந்து எடுக்கப்படுவதேயாகும். மாடுகளை மந்தை மந்தையாக அழித்த வெக்கை நோய்க்கும், நல்ல தடுப்பூசி வருவதற்கு முன்னர், நோயினின்றும் மீண்ட மாடுகளின் சீரமே கைகொடுத்தது. அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, நோயை வென்ற உடலின் இரத்த நீர் நோயுற்ற உடலுக்கு உதவும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. புற்றுநோய்க்கும் அது பொருந்துமா என்பதே கேள்வி.

1908 இல் நடந்த முதல் முயற்சி

தெரு நாய்களிடம் சர்வ சாதாரணமாகக் காணப்படும் ஒரு கட்டி உண்டு. ஆண், பெண் இரண்டின் பிறப்புறுப்பிலும் பூக்கோசுப் பூவைப் போலச் சதை திரண்டு, தொட்டால் இரத்தம் கசியும். பெட்டை நாயில் சொட்டுச் சொட்டாக இரத்தம் விழுவதைப் பார்த்துப் பருவத்துக்கு வந்திருப்பதாகத் தவறாக எண்ணிக் கொள்வோரும் உண்டு. முகர்ந்து பார்க்கும் பழக்கத்தால் மூக்கிலும் இக்கட்டி வரும். இது இனச்சேர்க்கையின் மூலம் பரவும் புற்றுநோய். 1876 இல் ரஷ்ய நாட்டுக் கால்நடை மருத்துவர் நொவின்ஸ்கி, இக்கட்டியின் துண்டை வேறு நாயில் ஒட்டி வளர்த்துக் காட்டினார். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் புற்றுநோயை மாற்ற முடியும் என்று முதன்முதலில் காட்டிய சோதனை இது எனலாம். பின்னர் ஜெர்மனியில் ஸ்டிக்கர் என்பவர் விரிவாக ஆராய்ந்ததால், ஸ்டிக்கர் கட்டி என்ற பெயரும் இதற்கு உண்டு.

இக்கட்டியை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தனர். ஒட்டி வளர்த்த கட்டி சில நாய்களில் சில மாதங்களில் தானாகவே வற்றி மறைந்துவிடுகிறது. மறைந்தபின் அந்த நாயில் மறுபடியும் ஒட்டினால் பிடிப்பதில்லை. வெக்கை நோயிலிருந்து மீண்ட மாட்டைப் போல, இந்த நாயும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறது என்பது தெளிவு.

அமெரிக்காவில் ஜார்ஜ் கிரைல் என்ற அறுவை மருத்துவர் அப்போது இரத்தம் ஏற்றும் முறையில் பெயர் பெற்றிருந்தார். இரத்தத்தைக் குப்பியில் சேமித்து வைக்கும் வழி இன்னும் வராத காலம். கொடுப்பவரின் தமனியைப் பெறுபவரின் சிரையோடு நேராக இணைத்து இரத்தத்தைப் பாயவிடுவது அவருடைய முறை. அவரும் பீபி என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, கட்டியுள்ள நாயின் இரத்தத்தை வடித்துவிட்டு, எதிர்ப்புச் சக்தி பெற்ற நாயின் இரத்தத்தை அதற்கு ஏற்றினர். கட்டிகள் சுருங்கி மறைந்ததாக 1908 இல் அறிவித்தனர்.

இம்முடிவு உண்மையானதே. ஆயினும் இதிலிருந்து எல்லாப் புற்றுநோய்க்கும் இரத்தம் ஏற்றினால் போதும் என்று முடிவு கட்டுவது தவறு. ஏன் என்பது நூறாண்டுக்குப் பிறகே முழுமையாக விளங்கிற்று. 2006 இல் லண்டனில் இக்கட்டியின் மரபணுக்களைச் சோதித்தபோது, வெவ்வேறு நாடுகளின் நாய்களில் உள்ள கட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. ஆனால் அவை வளர்ந்த நாயுடன் ஒத்துப்போகவில்லை. அதாவது, என்றோ வாழ்ந்த ஒரே நாயின் புற்றுநோய் அணுக்களே நாய்க்கு நாய் தொற்றி இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. 2019 இல் வெளியான ஆராய்ச்சி, அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது.

நெல் வயலில் வரும் களைகளை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். கோரையும் குதிரைவாலிப் புல்லும் வெளியிலிருந்து வந்தவை. பார்த்த உடனே அடையாளம் தெரியும், பிடுங்கலாம். ஆனால் களை நெல் என்பது நெல்லோடு நெல்லாக நிற்பது. கதிர் உதிரும் வரை அனுபவசாலியின் கண்ணுக்கும் தப்பிவிடும். இனச்சேர்க்கைக் கட்டி கோரையைப் போல அந்நியப் பொருள். ஆகையால் மீண்ட நாயின் எதிர்ப்பொருள் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. மடியில் வரும் புற்றுநோயோ அந்த நாயின் சொந்த அணுக்கள் கெட்டுப் போனதால் உண்டாவது. மற்றொரு நாயின் இரத்த நீருக்கு அதை அடையாளம் காட்டுவார் யாருமில்லை.

இன்னொரு குறையும் கிரைல் காலத்துச் சோதனைகளில் உண்டு. தானாகவே மறையக்கூடிய கட்டியில் ஒரு சிகிச்சையைச் செய்துவிட்டு, மறைந்தது சிகிச்சையால்தான் என்று கூறுவதற்குத் தக்க ஒப்பீடு வேண்டும். உரமிட்ட பாத்தியின் அருகே உரமிடாத பாத்தி ஒன்றை விட்டு வைப்பது எதற்கு என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மடிநோய்க் கிருமியைக் கொண்டு இரத்த நீரை வடித்தல்

இரண்டாவது முயற்சி நேர் எதிரான எண்ணத்திலிருந்து பிறந்தது. முதல் முயற்சியில் இரத்தத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள். இரண்டாவதில் இரத்தத்தில் இருக்கும் கெடுதலை நீக்கப் பார்த்தார்கள்.

1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஹெல்ஸ்ட்ராம் தம்பதியர், புற்றுநோய் கண்ட உடலில் அந்நோயைத் தாக்கவல்ல வெள்ளையணுக்கள் இருக்கின்றன என்றும், ஆனால் அதே உடலின் சீரத்தைச் சேர்த்தால் அந்த அணுக்கள் செயலற்றுப் போகின்றன என்றும் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். காவலாளி தயாராகவே இருக்கிறான். இரத்த நீரில் உள்ள ஏதோ ஒன்று அவன் கண்ணைக் கட்டிவிடுகிறது. இதற்குத் தடுப்புக் காரணிகள் என்று பெயரிட்டனர். எதிர்ப்பொருளும் கட்டியிலிருந்து உதிர்ந்த பொருளும் பிணைந்து உண்டான கூட்டுப் பொருளே இது என்று கருதப்பட்டது. அப்படியானால், இரத்த நீரிலிருந்து எதிர்ப்பொருளை வடித்துவிட்டால் காவலாளியின் கண்கட்டு அவிழும் அல்லவா?

வடிப்பதற்கு உதவியது, கறவை மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எதிரியான கிருமி. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இந்த நுண்ணுயிர்தான் மடிவீக்க நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதன் மேலுறையில் 'புரதம் ஏ' என்ற பொருள் உள்ளது. எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. தன்னைத் தாக்க வரும் எதிர்ப்பொருளைத் தலைகீழாகப் பிடித்துப் பயனற்றதாக்கி விடுவது அக்கிருமியின் தந்திரம். கோவன் 1 என்ற வகையில் புரதம் ஏ மிகுதி. அக்கிருமியைச் சூட்டினாலும் ஃபார்மலினாலும் கொன்று, வடிகட்டியில் நிரப்பி, அதன் வழியே இரத்த நீரைச் செலுத்தினால் எதிர்ப்பொருள் கிருமியில் ஒட்டிக்கொள்ளும்; மற்றவை கடந்து வரும்.

செய்முறை வருமாறு. நாயின் கழுத்து அல்லது தொடையின் பெரிய இரத்தக் குழாயில் குழல் செருகப்படும். வெளிவரும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்க்கப்படும். சுழலும் கருவியில் சிவப்பணுக்கள் தனியாகவும் இரத்த நீர் தனியாகவும் பிரியும். இரத்த நீர் மட்டும் கிருமி வடிகட்டியைக் கடந்து, செத்த கிருமிகள் உடலுக்குள் போய்விடாதபடி மற்றொரு நுண்ணிய வடிகட்டியையும் கடந்து, சிவப்பணுக்களுடன் மீண்டும் சேர்ந்து நாயின் உடலுக்குள் திரும்பும். பாலைப் பிரித்து வெண்ணெயை மட்டும் எடுத்துக் கொண்டு மீதியைத் திரும்பச் சேர்ப்பது போன்றதே இது. ஆனால் இங்கே பாத்திரம் உயிருள்ள நாய்.

1978 இல், பெருங்குடல் புற்றுநோய் கண்ட ஒரு மனிதருக்கு இம்முறையில் இரத்த நீரை வடித்த செய்தியை அமெரிக்காவில் பன்சால் குழுவினர் வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் டேவிட் டெர்மனும் அவருடைய குழுவினரும் நாய்களை எடுத்துக் கொண்டனர். இந்நாய்களுக்கு மடிப் புற்றுநோய் இயற்கையாகவே வந்திருந்தது. எலியில் செயற்கையாக உண்டாக்கிய கட்டியைவிட, வீட்டில் வளர்ந்து, வயது முதிர்ந்து, தானாக வந்த நாயின் கட்டி மனிதப் புற்றுநோயை நெருக்கமாக ஒத்தது என்பது இதில் ஒரு வசதி. கோவன் 1 வடிகட்டியைக் கடந்த இரத்த நீர் உடலுக்குள் திரும்பிய சிறிது காலத்திலேயே, கட்டிகள் கறுத்து, உள்ளே பெருமளவு அழுகிச் செத்துப் போயின என்று 1980 இல் அவர்கள் அறிவித்தனர். வடித்தபின் சைட்டோசின் அராபினோசைடு என்னும் புற்றுநோய் மருந்தைச் செலுத்தியதில் கட்டிகள் அழிந்ததை அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

1981 இல் இது மனிதருக்குச் சென்றது. மார்பகப் புற்றுநோய் முற்றிய 5 பெண்களுக்கு இதே அடிப்படையில் சிகிச்சை அளிக்கப்பட்டு, அவர்களுள் 4 பேருக்குக் கட்டி சுருங்கியதாக 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கட்டுரை வந்தது. வேறு வழியற்று நின்ற நோயாளிகளின் குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய ஆசையை எழுப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1982 இல் வேறொரு குழுவினரும் நாய்களின் மடிப் புற்றுநோய் இம்முறையில் சுருங்கியதை உறுதி செய்தனர். இரத்தப் புற்றுநோய் கண்ட பூனைகளிலும் இம்முறை சோதிக்கப்பட்டது.

கணக்கு ஒத்து வராத இடம்

1983 இல் நியூயார்க்கில் கார்டன், மேட்டஸ் ஆகியோரைக் கொண்ட குழு ஒன்று எளிய, ஆனால் மிகப் பயனுள்ள கேள்வியைக் கேட்டது. கட்டியை அழிப்பது எதிர்ப்பொருளை வடிப்பதுதான் என்றால், புரதம் ஏ இல்லாத கிருமியைப் போட்டால் ஒன்றும் நடக்கக் கூடாதல்லவா? நாய்களின் இரத்த நீரை அப்படிப்பட்ட கிருமியின் வழியே செலுத்திப் பார்த்தனர். அப்போதும் கட்டி தாக்கப்பட்டது!

பயிர் செழித்தது தழைச்சத்தால் என்று ஓராண்டு முழுவதும் கூறி வந்தபின், தழைச்சத்தே இல்லாத மூட்டையைப் போட்ட பாத்தியும் அதே அளவு செழித்தால் என்ன பொருள்? மூட்டையில் வேறு ஏதோ இருந்திருக்கிறது என்பதுதான். கிருமியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து இரத்த நீருடன் உடலுக்குள் சென்று, எதிர்ப்புச் சக்தியை மூர்க்கமாகத் தூண்டியிருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. இதே கிருமி உணவை நஞ்சாக்கும் குடல் நச்சுகளையும் உண்டாக்கவல்லது என்பதும், அந்நச்சு மிக நுண்ணிய அளவிலேயே வெள்ளையணுக்களை வெறி கொள்ளச் செய்யும் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கவை. டெர்மன் பின்னாளில் அந்த நச்சுகளையே ஆராயத் தொடங்கினார். ஆக, சுத்தம் செய்ததால் குணம் கண்டது என்று நினைத்த இடத்தில், அசுத்தம் கலந்ததால் குணம் கண்டிருக்கக்கூடும். சிகிச்சையின் பெயரே தவறாகிவிட்டது!

மற்ற மருத்துவமனைகளில் மனிதருக்கு இதைச் செய்து பார்த்தபோது முதல் 5 பேரில் கண்ட பலன் அதே அளவில் திரும்பக் கிடைக்கவில்லை. சுருங்கிய கட்டிகளும் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்தன. காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிதல் ஆகியவை தொல்லை தந்தன. கட்டி ஒரே நேரத்தில் பெருமளவில் அழுகினால் அந்தக் கழிவைச் சமாளிக்கவே உடல் தடுமாறும். ஒவ்வொரு குழுவும் வடிகட்டியை ஒவ்வொரு விதமாகச் செய்ததால் ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்க்கவும் இயலாமற் போயிற்று.

அந்த உழைப்பு முற்றிலும் வீணாகவில்லை. கிருமியை நீக்கிவிட்டுத் தூய்மையாக்கிய புரதம் ஏயை மணலைப் போன்ற சிலிக்கா துகளில் பிணைத்துச் செய்த வடிகட்டி, இரத்தத் தட்டணுக்கள் குறையும் ஒருவகை நோய்க்கு 1987 இலும், முடக்குவாதத்திற்கு 1999 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பின்னர் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. புற்றுநோய்க்கு அது அனுமதி பெறவே இல்லை. ஆனால் புரதம் ஏ இன்று மருந்துத் தொழிற்சாலைகளில் இன்றியமையாத பொருள். புற்றுநோய்க்கென ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளைத் தூய்மைப்படுத்த அதுவே பயன்படுகிறது.

1908 இல் ஒரு நாயின் இரத்தத்தை இன்னொரு நாய்க்குப் பாய்ச்சியவர்கள் தேடியதும் இத்தகைய எதிர்ப்பொருளையே. இப்போது அது குறி வைத்துச் செய்யப்படுகிறது. நாய்களுக்கென்று உருவாக்கப்பட்ட கில்வெட்மாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்துக்கு, கருமைப் புற்று, மாஸ்ட் அணுக் கட்டி ஆகிய இரண்டிற்கும் அமெரிக்காவில் 2023 இல் நிபந்தனையுடன் கூடிய அனுமதி கிடைத்தது. அதன் பலன் எந்த அளவு என்பது இன்னும் தொடர்ந்து ஆராயப்பட வேண்டியதே.

இரத்த நீர் இன்று எதற்குப் பயன்படும்?

புற்றுநோய் கண்ட நாய்க்கு இரத்த நீர் ஏற்றுவது இன்றும் உண்டு. ஆனால் அது கட்டியைக் கரைப்பதற்காக அல்ல. மண்ணீரலில் கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும்போதும், இரத்தம் உறையும் சக்தி தீர்ந்து போகும்போதும், உறை பொருட்களை ஈடு செய்து நாயை அறுவை மேசை வரை கொண்டு சேர்க்க இரத்தமும் இரத்த நீரும் உதவுகின்றன. இரத்த நீரின் அளவு வழக்கமாகக் கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லி. எடுத்த சில மணி நேரத்திற்குள் உறைய வைத்த இரத்த நீரை மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில் ஓராண்டு வரை வைத்துப் பயன்படுத்தலாம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கான இரத்த வங்கி உள்ளது.

கொடுக்கும் நாய் 25 கிலோவுக்குக் குறையாத எடையும், நல்ல உடல்நிலையும், தவறாமல் தடுப்பூசி போட்ட பதிவும் உடையதாயிருக்க வேண்டும். நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் வெளியே தெரியாமல் நாயின் இரத்தத்தில் தங்கியிருப்பது சாதாரணம். சோதிக்காத இரத்தத்தால் நோயுற்ற நாய்க்குப் புதிதாக ஒரு நோயையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம். 'நல்ல நாயின் இரத்தத்தை எடுத்துத் தோலுக்கடியில் போட்டால் கட்டி போகும்' என்று எவரேனும் கூறினால், அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. சீழ்க்கட்டியும் ஒவ்வாமையுமே மிஞ்சும்.

கட்டி கண்டால் செய்ய வேண்டியது

முதலில் அது எந்தக் கட்டி என்று தெரிந்தாக வேண்டும். இனச்சேர்க்கைக் கட்டியாயின் கவலை வேண்டாம். வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை சிரை வழியே செலுத்தினால், பெரும்பாலான நாய்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் முற்றிலும் குணமடைகின்றன. இம்மருந்து வேறெங்கிருந்தோ வந்ததல்ல. நம் வீட்டு வாசலிலும் மயானக் கரையிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் இது பயிராகவும் செய்யப்படுகிறது. எனினும் நித்தியகல்யாணி இலையை அரைத்துப் புகட்டுவது பயன் தராது, ஆபத்துமாகும். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும்; அதே இலையில் வேறு பல நச்சுப் பொருட்களும் உள்ளன. ஊசி மருந்தும் சிரைக்கு வெளியே சிறிது கசிந்தால் அவ்விடத்துச் சதையை அழுகச் செய்துவிடும் என்பதால் கால்நடை மருத்துவரே போட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்துக் கொள்வது அவசியம். பாதியில் கட்டி மறைந்தது போலத் தோன்றினாலும், மருத்துவர் போதும் என்று கூறும் வரை நிறுத்தலாகாது. அதுவரை நாயை மற்ற நாய்களுடன் சேர விடக் கூடாது.

மடிக் கட்டி வேறு விதம். பெட்டை நாய்க்கு வழக்கமாக ஐந்து இணை மடிகள் உண்டு. பின்பக்கத்து இரண்டு இணைகளிலேயே கட்டி அதிகம் வருகிறது. வருகிற கட்டிகளில் ஏறத்தாழ பாதி தீங்கற்றவை, பாதி புற்றுநோய். கையால் தடவி எது எது என்று சொல்லிவிட முடியாது. 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே அறுத்து எடுக்கப்பட்ட நாய்கள் நெடுநாள் வாழ்வதற்கான வாய்ப்பு அதிகம். எலுமிச்சை அளவு தாண்டுவதற்குள் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். அறுவைக்கு முன் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பரவியிருந்தால் மடியை அறுப்பதால் அதிகப் பயனில்லை. புண்ணும் வலியும் தொல்லை தந்தால் மட்டும் எடுக்கலாம். ஓர் எச்சரிக்கை: ஒரு மடி மட்டுமன்றிச் சுற்றிலும் சிவந்து, சூடாகி, பலகை போல் இறுகி, தொடவிடாமல் நாய் கத்தினால் அதை மடிவீக்கம் என்று மட்டும் எண்ணி நாள் கடத்தலாகாது. அழற்சிப் புற்று எனப்படும் கொடிய வகையும் இவ்வாறே தோன்றும். இவ்வகையில் கத்தி வைப்பது பெரும்பாலும் நன்மை தருவதில்லை.

வருமுன் காக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1969 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பை 100 என்று கொண்டால், முதல் பருவத்திற்கு முன்பே சினைப்பையை அகற்றிய நாய்க்கு அது 0.5, ஒரு பருவம் கழித்து அகற்றினால் 8, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்கள் கழித்து அகற்றினால் 26. இக்கணக்கு அவ்வளவு உறுதியானதல்ல என்று பிற்காலத்தார் சிலர் வாதிட்டுள்ளனர். ஆயினும் குட்டி ஈன வைக்கும் எண்ணமில்லாத நாய்க்கு இளமையில் கருத்தடை செய்வதே நல்லது; கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் அதனால் தவிர்க்கப்படும். ராஜபாளையம் போன்ற பெரிய இன நாய்களுக்கு எந்த வயதில் செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசிகளை அடிக்கடி போடுவது மடிக் கட்டிக்கு வித்திடும்.

மாதம் ஒருமுறை, குளிப்பாட்டும் நாளில், பத்துக் காம்புகளையும் விரலால் உருட்டிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. கட்டி இருந்தால் அதன் இடத்தையும் அளவையும் தேதியுடன் நாட்காட்டியில் குறித்துக் கொண்டால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

அறுத்து எடுத்த கட்டியை எறிந்துவிடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். அது எந்த வகை, வெட்டிய ஓரத்தில் நோய் அணு மிஞ்சியிருக்கிறதா என்பவற்றை இப்பரிசோதனையே கூறும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளாக்கி, அகன்ற வாயுள்ள குப்பியில், கட்டியைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் போட்டு அனுப்புவர். ஆய்வுக்கூடத்துக்குக் குப்பியைத் தாமே எடுத்துச் செல்வோர் அதை ஐஸ் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. உறைந்தால் திசு கெட்டுவிடும். குப்பியின் மேல் நாயின் வயது, இனம், எந்த மடி, எத்தனை நாளாகக் கட்டி இருந்தது என்ற விவரத்தைப் பென்சிலால் எழுதி ஒட்ட வேண்டும். பேனா மை ஃபார்மலின் பட்டால் அழிந்துவிடும்.